கிராண்ட் விக்கின்ஸ் எங்கே மாறுகிறான்? ‘எ லெசன் பிஃபோர் டையிங்’ நாவலை முதன்முறை வாசிப்பவருக்கு ஒரு வழிகாட்டி

எர்னஸ்ட் ஜே. கெய்ன்ஸ் 1993-இல் வெளியிட்ட ‘எ லெசன் பிஃபோர் டையிங்’ நாவலின் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். 1940-களின் பிற்பகுதியில் லூசியானாவின் ஒரு சிற்றூரில், தான் செய்யாத கொலைக்காக ஜெஃபர்சன் என்ற கறுப்பின இளைஞனுக்கு மரண தண்டனை விதிக்கப்படுகிறது. அவன் மனிதனாகச் சாக வேண்டும் என்று அவனை வளர்த்த மிஸ் எம்மா ஆசைப்பட, அந்தப் பொறுப்பு ஊர்ப் பள்ளி ஆசிரியன் கிராண்ட் விக்கின்ஸின் தலையில் அவன் விருப்பத்துக்கு மாறாக வந்து விழுகிறது. இதைப் படித்துவிட்டு, ‘சுயநலமான ஓர் ஆசிரியன் கைதியைச் சந்தித்துத் திருந்துகிறான்’ என்று எழுதி முடித்துவிடும் கட்டுரைகளே அதிகம். அந்த வாக்கியம் முழுப் பொய்யல்ல என்றாலும், நாவலில் எந்தப் பக்கத்தில் எந்தச் செயலால் அந்த மாற்றம் தெரிகிறது என்று கேட்டால் அதை எழுதியவர்களிடம் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. அந்தக் கேள்விக்கு நாவலுக்குள்ளிருந்தே விடை தேடும் வழியை இக்கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது. முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்று நினைப்பவர்கள் நாவலை ஒருமுறை படித்துவிட்டு இங்கே திரும்பி வரலாம்.

தொடங்கும் முன்: இரண்டு பத்திகள் கொண்ட ஒரு குறிப்பேடு

நாவலில் 31 அத்தியாயங்கள் உள்ளன. அவற்றில் 29, 30 ஆகிய இரண்டைத் தவிர மற்ற அனைத்தையும் கிராண்டே தன் வாயால் சொல்கிறான். ஆகவே நாம் அவனைப் பற்றி அறிவதெல்லாம் அவன் தன்னைப் பற்றிச் சொல்வதுதான், அவனோ தன் மீதும் பிறர் மீதும் எரிச்சல் கொண்டவன். தன் குறைகளைச் சில இடங்களில் மறைக்கிறான், சில இடங்களில் அவற்றைப் பெரிதாக்கிக் காட்டிவிட்டு அப்படிக் காட்டியதே போதும் என்று ஒதுங்கிக்கொள்கிறான். இதைச் சமாளிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தை நடுவில் கோடு கிழித்துப் பிரித்து, இடப் பக்கம் ‘சொல்கிறான்’ என்றும் வலப் பக்கம் ‘செய்கிறான்’ என்றும் தலைப்பிட்டு, ஒவ்வோர் அத்தியாயம் முடிந்ததும் இரண்டிலும் ஒவ்வொரு வரி எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பத்திகளும் முரண்படும் அத்தியாயங்களைச் சுழித்து வையுங்கள். உங்கள் கட்டுரைக்கான சரக்கு பெரும்பாலும் அந்தச் சுழிகளுக்குள்தான் கிடைக்கும்.

முதற்படி: அவன் எந்த இடத்தில் நிற்கிறான் என்று பாருங்கள்

கிராண்டின் சுயநலத்தை எடைபோடுவதற்கு முன், அந்தச் சுயநலம் விளைந்த மண்ணைத் தெரிந்துகொள்வது அவசியம். இனங்களைத் தனித்தனியே பிரித்து வைப்பது சட்டப்படி செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896-இல் தீர்ப்பளித்த பிளெஸ்ஸி வழக்கு லூசியானாவிலிருந்துதான் போனது. பள்ளிகளில் அந்தப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பு 1954-இல்தான் வந்தது. நாவலின் காலம் இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. ஜெஃபர்சனுக்குத் தீர்ப்பு எழுதும் ஜூரிகள் பன்னிரண்டு பேரும் வெள்ளையர்கள். கறுப்பினத்தவருக்கான கழிப்பறை நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது, கட்டடத்தின் வெளியே அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்மாநிலப் படைவீரன் ஒருவனின் சிலை நிற்கிறது.

கிராண்ட் பாடம் நடத்துவது பள்ளிக் கட்டடத்தில் அல்ல, தோட்டத்து மாதாகோயிலில். பிள்ளைகள் தரையில் முழங்காலிட்டுப் பெஞ்சுகளையே மேசையாக்கி எழுதுகிறார்கள். கரும்பு வேலைக்குப் பிள்ளைகளும் தேவைப்படுவதால் பள்ளி ஆண்டில் ஆறு மாதங்கள் போலத்தான் நடக்கிறது. கெய்ன்ஸ் இதைக் கேள்விப்பட்டு எழுதவில்லை. 1933-இல் லூசியானாவின் பாயிண்ட் கூப்பே வட்டாரத்தில் ஒரு தோட்டக் குடியிருப்பில் பிறந்து, இப்படிப்பட்ட மாதாகோயில் பள்ளியிலேயே படித்து, மேற்கொண்டு படிக்க அருகில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி இல்லாததால் பதினைந்து வயதில் கலிபோர்னியாவுக்குச் சென்றவர் அவர். அதே லூசியானாவில் வில்லி பிரான்சிஸ் என்ற கறுப்பினச் சிறுவனை 1946-இல் மின்சார நாற்காலியில் அமர்த்தினார்கள். கருவி சரியாக இயங்காமல் அவன் பிழைத்துக்கொண்டான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1947-இல் அவனை மீண்டும் அதே நாற்காலியில் அமர்த்திக் கொன்றார்கள். ஊர் ஊராக லாரியில் கொண்டுபோகப்பட்ட அந்த நாற்காலி நாவலிலும் வருகிறது. இந்தப் பின்னணியைக் கட்டுரையில் ஒரு பத்திக்கு மேல் எழுத வேண்டாம், ஆனால் வாசிக்கும்போது மனத்தில் இருக்கட்டும்.

இரண்டாம் படி: சுயநலத்துக்குச் சான்று திரட்டுங்கள்

முதல் எட்டு அத்தியாயங்களை நிதானமாக வாசியுங்கள். கிராண்ட் சுயநலக்காரன் என்று சொல்ல வேண்டுமானால் அதற்கான சான்றுகள் இங்கேதான் இருக்கின்றன. வழக்கறிஞர் ஜெஃபர்சனைக் காப்பாற்றும் சாக்கில் அவனைப் பன்றிக்கு ஒப்பிட்டுப் பேசிவிட, அந்த ஒரு சொல் மிஸ் எம்மாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடக்கிறது. அவர் கேட்பதெல்லாம் தன் பையன் பன்றியாகச் சாகக்கூடாது என்பது மட்டும்தான். கிராண்டுக்கோ இந்த வேலையிலிருந்து எப்படிக் கழன்றுகொள்வது என்பதே யோசனை. தன்னை வளர்த்த அத்தை டான்ட் லூவின் சமையலை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு நகரத்தில் சாப்பிடுவதும், காதலி விவியனை அழைத்துக்கொண்டு எங்காவது ஓடிவிடலாமா என்று அவளிடமே கேட்பதும் இந்தப் பகுதியில்தான் வருகின்றன. விவியனும் ஓர் ஆசிரியை. விவாகரத்து முடியாத, இரண்டு குழந்தைகளுக்குத் தாயான அவள் அப்படி ஓட முடியாது என்பது கிராண்டுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தும் கேட்கிறான்.

ஐந்தாம் அத்தியாயத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவனுக்கு இருந்த கோபத்தையெல்லாம் பிள்ளைகள் மீது காட்டுகிறான். விரல் விட்டு எண்ணிய பையனுக்கும், கரும்பலகையில் கோணலாக எழுதிய சிறுமிக்கும் தண்டனை கிடைக்கிறது. ஜெஃபர்சனுக்கு உறவான சிறுமி அந்த வகுப்பில் இருந்து அழுவது தெரிந்தும், மின்சார நாற்காலியைப் பற்றிய பேச்சை அவன் நிறுத்துவதில்லை. ஏழாம் அத்தியாயத்தில் வெள்ளையரான கல்வி அதிகாரி பள்ளியைப் பார்வையிட வந்து, பிள்ளைகளின் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைச் சோதிக்கிறார். அடிமைச் சந்தையில் வாங்குபவன் செய்த காரியம் இது என்று கிராண்டுக்கு உறைக்கிறது. சற்று முன்பு தானும் அதே பிள்ளைகளைச் சாமான்களைப் போல நடத்தியது அவனுக்கு உறைப்பதில்லை. இந்த இரண்டு அத்தியாயங்களையும் எதிரெதிரே வைத்துப் படித்தால் ‘சுயநலம்’ என்பது இங்கே எவ்வளவு நுட்பமாகக் காட்டப்பட்டிருக்கிறது என்பது தெரியும்: அநியாயத்தைத் துல்லியமாகக் காணும் அவனுடைய கண், தன் கையைக் காண்பதில்லை.

எட்டாம் அத்தியாயத்தில் மேத்யூ அந்துவான் வருகிறார். கிராண்டின் பழைய ஆசிரியரான அவர் வெறுப்பிலேயே உளுத்துப்போன மனிதர். இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித் தருவது வீண், முடிந்தவன் ஓடிப் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அவர் தந்த ஒரே போதனை. கிராண்ட் தன் எதிர்காலத்தைப் பார்க்கும் கண்ணாடி அவர்தான். மாற்றம் என்பது எதிலிருந்து என்று கட்டுரையில் சொல்ல வேண்டி வரும்போது, ‘அந்துவானாக ஆகிவிடுவதிலிருந்து’ என்று சொல்வது ‘சுயநலத்திலிருந்து’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிடப் பலமாக இருக்கும்.

மூன்றாம் படி: அவன் காத்திருக்கும் இடங்களைத் தேடுங்கள்

இந்த நாவலில் வெள்ளையர்கள் கறுப்பினத்தவரைத் திட்டுவதும் அடிப்பதும் குறைவு, காக்க வைப்பதுதான் அதிகம். ஆறாம் அத்தியாயத்தில், ஜெஃபர்சனைச் சிறையில் சந்திக்க ஷெரிஃபின் (வட்டாரக் காவல் தலைவரின்) அனுமதி கேட்பதற்காகத் தோட்ட முதலாளி ஆன்ரி பிஷோவின் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போகும் கிராண்ட், சமையலறையில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் நிற்க வைக்கப்படுகிறான். உள்ளே விருந்து நடக்கிறது. கிராண்டால் ஜெஃபர்சனை மாற்ற முடியுமா என்று அங்கே ஒரு பெட்டி விஸ்கி பந்தயமாக வைக்கப்பட்டிருக்கிறது. அவன் நின்றுகொண்டிருப்பது தன் மானத்தைப் பற்றிய நினைப்பிலேயே வெந்துகொண்டு. கைதியைப் பற்றிய யோசனை அவனுக்கு அநேகமாக இல்லை.

இதன் இணைக் காட்சி இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஜெஃபர்சனுக்காக ஒரு சிறிய ரேடியோ வாங்கக் கடைக்குப் போகும் கிராண்டை, விற்கும் வெள்ளைக்காரப் பெண் காக்க வைக்கிறாள், பார்வைக்கு வைத்த ரேடியோவையே தலையில் கட்டப் பார்க்கிறாள். அவனும் விடாமல் புதியது ஒன்றை வாங்கிக்கொண்டுதான் போகிறான். அவமானம் அதே அவமானம்தான், ஆனால் இந்த முறை அவன் அதைப் பொறுத்துக்கொள்வது இன்னொருவனுக்காக. இந்த வேறுபாட்டை கிராண்ட் எங்குமே வாய்விட்டுச் சொல்வதில்லை. உங்கள் குறிப்பேட்டின் வலப் பத்தியில்தான் இது அகப்படும்.

நான்காம் படி: கைமாறும் பொருள்களைப் பின்தொடருங்கள்

சிறைச் சந்திப்புகள் பல இருப்பதால் புதியவர்கள் குழம்புவது இயல்பு. ஒவ்வொரு சந்திப்பிலும் எந்தப் பொருள் உள்ளே போகிறது, அதற்கு ஜெஃபர்சன் என்ன செய்கிறான் என்று மட்டும் குறித்து வந்தால் நூல் அறுந்துபோகாது.

முதலில் போவது மிஸ் எம்மாவின் சாப்பாடு. ஜெஃபர்சன் அதைத் தொடுவதில்லை. பதினொன்றாம் அத்தியாயத்தில் கிராண்ட் தனியாகப் போகும்போது, அவன் தரையில் மண்டியிட்டுப் பன்றியைப் போல அந்தச் சாப்பாட்டில் வாய் வைக்கிறான். கிராண்டுக்கு இரக்கத்தைவிட எரிச்சலே மேலோங்குகிறது. ஊருக்குத் திரும்பியதும் மிஸ் எம்மாவிடம் நடந்ததைச் சொல்லாமல், பையன் நன்றாக இருப்பதாகப் பொய் சொல்கிறான். இந்தப் பொய்யை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து வருவது ரேடியோ. டான்ட் லூவும் போதகர் ஆம்ப்ரோஸும் அதைப் பாவப் பெட்டியாகவே பார்க்கிறார்கள். சாகப்போகிறவன் ஆண்டவனை நினைக்க வேண்டிய நேரத்தில் பாட்டுக் கேட்பதா என்பது அவர்கள் கேள்வி. கிராண்டின் பதில் எளிமையானது: அந்த அறைக்குள் அவனுக்குத் துணையாக ஒரு குரல் வேண்டும். ஒருவனுக்கு எது நல்லது என்று தீர்மானிக்காமல், அவனுக்கு எது வேண்டும் என்று கிராண்ட் யோசிக்கும் முதல் தருணம் இது என்பது என் கருத்து. இதே கட்டத்தில்தான் ஜெஃபர்சன் தன் ஆசையைச் சொல்கிறான். வாழ்நாளில் வயிறாரத் தின்னக் கிடைக்காத ஐஸ்கிரீமை, கடைசி நாளில் ஒரு கேலன் முழுவதும் தின்ன வேண்டுமாம்.

அதன்பின் பள்ளிப் பிள்ளைகள் பொறுக்கிக் கொடுத்த பீக்கன் கொட்டைகளும் வேர்க்கடலையும் ஒரு பையில் போகின்றன. இருபத்து மூன்றாம் அத்தியாயத்தில், கிராண்ட் கிளம்பும் நேரம் பார்த்து ஜெஃபர்சன் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கொட்டைகளுக்காகப் பிள்ளைகளுக்கு நன்றி சொல்லச் சொல்கிறான். மிகச் சிறிய வாக்கியம்தான், ஆனால் கிராண்டின் நெஞ்சு அன்று நிறைந்துபோகிறது. ஐந்தாம் அத்தியாயத்தில் அவன் யார் மீது கோபத்தைக் கொட்டினானோ அதே பிள்ளைகளின் கைப்பொருள்தான் அவனால் திறக்க முடியாத கதவைத் திறந்திருக்கிறது. கடைசியாகப் போவது ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும். ஜெஃபர்சனுக்குத் தோன்றுவதையெல்லாம் எழுதச் சொல்கிறான் கிராண்ட். அவன் ஆசிரியனாக நடந்துகொள்ளும் இடம் உண்மையில் இதுதான்.

ஐந்தாம் படி: சறுக்கல்களை விட்டுவிடாதீர்கள்

இருபத்து நான்காம் அத்தியாயம் நாவலின் அச்சாணி. காலில் சங்கிலியுடன் நடக்கும் ஜெஃபர்சனுக்குப் பக்கத்தில் நடந்தபடியே கிராண்ட் அவனிடம் வீரன் என்பவன் யார் என்று பேசுகிறான். தனக்காக அன்றிப் பிறருக்காக ஒன்றைச் செய்பவனே வீரன், அப்படிப் பார்த்தால் தான் வீரன் அல்ல, ஜெஃபர்சன்தான் அப்படி ஆக முடியும் என்கிறான். கற்பித்தல் தனக்குப் பிடிக்கவில்லை என்பதையும், தெற்கில் படித்த கறுப்பினத்தவனுக்கு வேறு வேலை இல்லாததால் அதைச் செய்வதாகவும், ஜெஃபர்சனுக்குத் தான் தேவைப்படுவதைவிடத் தனக்கு ஜெஃபர்சன் அதிகம் தேவைப்படுவதாகவும் ஒப்புக்கொள்கிறான்.

பெரும்பாலான கட்டுரைகள் இங்கேயே மாற்றம் முழுமையடைந்ததாக அறிவித்துவிடுகின்றன. ஆனால் அடுத்த அத்தியாயத்திலேயே மதுக்கடையில் ஜெஃபர்சனை இழிவாகப் பேசிய இருவருடன் கிராண்ட் சண்டைக்குப் போய் அடிவாங்கி மயங்கி விழுகிறான். அதற்கடுத்ததில் விவியன், அவனுடைய நினைப்பில் தன் கஷ்டத்துக்கு இடமே இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்ல, கோபித்துக்கொண்டு கிளம்பியவன் வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவந்து அவள் மடியில் முகம் புதைக்கிறான். ஆகவே ஏறுமுகமான கோடு ஒன்றை வரைந்து அவன் வளர்ச்சியைக் காட்ட முடியாது. ஒரு மனிதனிடம் இளகியவன் இன்னொருத்தியிடம் பழையபடியே இருக்கிறான் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கட்டுரை நாவலுக்கு உண்மையாக இருக்கும்.

ஆறாம் படி: போதகரின் பேச்சை முழுவதும் கேளுங்கள்

ஆம்ப்ரோஸ் படிக்காதவர், பழமைவாதி என்று அதுவரை கிராண்டின் கண்ணால் பார்த்துப் பழகிய வாசகர், இருபத்து ஏழாம் அத்தியாயத்தையும் அதே கண்ணால் படித்துவிடும் ஆபத்து இருக்கிறது. ஜெஃபர்சனை மண்டியிட்டு ஜெபிக்க வைக்கத் தனக்கு உதவ வேண்டும் என்று கேட்கும் போதகரிடம், நம்பாத ஒன்றைச் சொல்லிப் பொய்யனாக மாட்டேன் என்று கிராண்ட் மறுக்கிறான். ஆம்ப்ரோஸ் சீறுகிறார். கல்லறை ஓரத்திலும் நோயாளியின் கட்டிலோரத்திலும் தான் பொய்தான் சொல்வதாகவும், வலியைத் தணிக்க அது வேண்டியிருக்கிறது என்றும் சொல்கிறார். கிராண்டைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதற்காக டான்ட் லூ கரும்பு வெட்டிக் கைகளில் ரத்தம் கசியக் கசிய உழைத்ததையும், ஜெபித்து ஜெபித்து அவர் முழங்கால் புண்ணாகிப் பொருக்குத் தட்டியதையும், அதையெல்லாம் மறைத்து எனக்கொன்றுமில்லை என்று அவர் பொய் சொன்னதையும் அன்றுதான் போதகர் வாயால் கிராண்ட் கேட்கிறான்.

முன்பு மறக்காமல் வைத்துக்கொள்ளச் சொன்ன பொய்யை இங்கே எடுங்கள். மிஸ் எம்மாவிடம் கிராண்ட் சொன்னதும் பொய்தான், டான்ட் லூ சொன்னதும் பொய்தான். முன்னது பெரும்பாலும் தர்மசங்கடத்திலிருந்து தப்பிப்பதற்காகச் சொன்னது, பின்னது தன் வேதனையின் பாரம் அடுத்தவர் மேல் விழாமலிருக்கச் சொன்னது. தன்னைச் சுற்றி இருந்தவர்களின் தன்னலமின்மையின் மேல்தான் தன் படிப்பே கட்டப்பட்டது என்பதற்கு கிராண்டிடம் மறுமொழி இல்லை. அடுத்த அத்தியாயத்தில், தானும் வழி தவறி நிற்பதாக ஜெஃபர்சனிடம் அவன் ஒப்புக்கொள்வது இந்தப் பேச்சுக்குப் பிறகே என்பதைக் கவனியுங்கள்.

ஏழாம் படி: கடைசி மூன்று அத்தியாயங்கள்

29-ஆம் அத்தியாயம் ஜெஃபர்சனின் நாட்குறிப்பு. நிறுத்தக்குறிகள் இல்லாமல், பேசுவதைப் போலவே எழுதப்பட்டது. பொறுமையாக, முடிந்தால் வாய்விட்டுப் படியுங்கள். பிள்ளைகளும் ஊராரும் சிறைக்கு வந்து பார்த்ததையும், ஒரு சிறுவன் தன் கோலிக்குண்டைக் கொடுத்துவிட்டுப் போனதையும் அதில் எழுதியிருக்கிறான். ஒரு கேலன் ஐஸ்கிரீம் கேட்டவன், கடைசியில் ஒரு சிறிய கோப்பையோடு நிறுத்திக்கொள்கிறான். 30-ஆம் அத்தியாயத்தில் கதைசொல்லி விலகிக்கொள்ள, ஊர் முழுவதும் அந்த நாளை எப்படிக் கழித்தது என்று படர்க்கையில் காட்டப்படுகிறது. அதுவரை ‘நான், நான்’ என்று நிறைந்திருந்த ஒரு நாவலில், மிக முக்கியமான நேரத்தில் அந்த ‘நான்’ வாயடைத்து நிற்கிறது. கிராண்டின் சுயநலம் குறைந்ததற்கு நாவலின் கட்டமைப்பே தரும் சான்று இது.

31-ஆம் அத்தியாயத்தில் கிராண்ட் தண்டனை நிறைவேற்றும் இடத்துக்குப் போகவில்லை, பள்ளியிலேயே பிள்ளைகளை முழங்காலிடச் செய்துவிட்டு வெளியே நிற்கிறான். தான் ஏன் அங்கே போகவில்லை என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். சிறையில் மனிதத்தன்மையோடு நடந்துகொண்ட பால் என்ற இளம் வெள்ளைக் காவலர், நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, அந்த அறையில் இருந்தவர்களிலேயே திடமாக இருந்தவன் ஜெஃபர்சன்தான் என்று சொல்கிறார். வகுப்புக்குத் திரும்பும் கிராண்ட், பிள்ளைகள் முன்னால் அழுகிறான்.

எட்டாம் படி: எழுதும்போது

இப்போது குறிப்பேட்டில் சுழித்தவற்றிலிருந்து மூன்று காட்சிகளைத் தேர்ந்தெடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். தேர்வுக்கோ கருத்தரங்குக்கோ எழுதுபவர்கள் முப்பத்தொரு அத்தியாயங்களையும் தொட்டுவிட ஆசைப்படுவார்கள், அது கதைச்சுருக்கமாகத்தான் முடியும். ஐந்தாம் அத்தியாயத்து வகுப்பறை, இருபத்து மூன்றாம் அத்தியாயத்துக் கொட்டைகள், கடைசி வகுப்பறை ஆகிய மூன்றை எடுத்துக்கொண்டால், அடித்த பிள்ளைகள் முன்னாலேயே அழுகிறான் என்ற ஒரே வாதத்தை நேராகக் கொண்டுசெல்லலாம். கிராண்டை விவியன் வழியாகப் பார்க்க விரும்புபவர்களுக்கு நான்கு, இருபத்தைந்து, இருபத்தாறு ஆகிய அத்தியாயங்கள் போதும், ஆனால் அந்தக் கட்டுரையின் முடிவு சற்றுக் கசப்பாகவே இருக்கும்.

‘திருந்தினான்’, ‘மனம் மாறினான்’ போன்ற சொற்களைத் தவிர்த்து, அவன் அந்தக் காட்சியில் செய்ததையே வினைச்சொல்லாக்கி எழுதுங்கள்: காத்திருந்தான், வாங்கிக்கொடுத்தான், ஒப்புக்கொண்டான், போகாமல் நின்றுவிட்டான். கடைசிச் சொல்லையும் சேர்த்தே எழுத வேண்டும். மாணவனுக்கு வீரத்தைக் கற்பித்த ஆசிரியன் அந்த மாணவன் சாகும்போது பக்கத்தில் இல்லை என்ற ஆட்சேபத்தை, நல்ல வாசகர் யாராவது நிச்சயம் எழுப்புவார். அதை மறைக்கப் பார்க்காமல், அந்த இயலாமையை அவனே முதன்முறையாகச் சாக்குச் சொல்லாமல் முன்வைக்கிறான் என்று பதில் எழுதலாம். 1999-இல் வந்த திரைப்படத்தைப் பார்த்துவிட்டு நாவலுக்குக் கட்டுரை எழுத முயல வேண்டாம், ஏனெனில் கிராண்டின் உள்மனப் பேச்சுதான் இங்கே ஆராய்ச்சிப் பொருள், அது அச்சில்தான் முழுமையாகக் கிடைக்கும்.

இன்னும் ஒன்று. கிராண்ட் அதன்பின் அந்த ஊரிலேயே தங்கினானா, விவியனை மணந்தானா, அல்லது ஆசைப்பட்டபடி வெளியேறினானா என்று நாவல் சொல்வதில்லை. கட்டுரையின் கடைசிப் பத்தியில் அதை நீங்களாக ஊகித்து எழுதிவிடாதீர்கள். அவன் தங்குவான் என்பதற்கும் போய்விடுவான் என்பதற்கும் நாவலில் கிடைக்கும் சான்றுகளை ஒவ்வொரு வாக்கியமாக வைத்துவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.